மோர்கெல்லான்ஸ்: கிருமியா, மனமா என்று சண்டை போடும் முன்

தோலுக்கடியில் ஏதோ ஊர்கிறது, புண்ணிலிருந்து நூல் நூலாக வருகிறது, கிள்ளி எடுத்தாலும் தீரவில்லை. இப்படிப்பட்ட தொல்லைக்கு 2002இல் அமெரிக்காவில் மேரி லைட்டாவ் என்ற தாய், தன் மகனின் புண்ணைப் பார்த்து, மோர்கெல்லான்ஸ் என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து இரண்டு கட்சி. கிருமி என்கிறது ஒன்று, மனப்பிரமை என்கிறது மற்றொன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு பார்த்தால் இரண்டுமே அவசரக் கட்சிகள். நடுவில் செய்ய வேண்டிய வேலையை யாரும் பேசுவதில்லை.

கிருமிக் கட்சியின் வாதம் இது: மிடில்வீன், ஸ்டிரிக்கர் என்ற ஆய்வாளர்களின் குழு அந்த நூல்கள் துணி இல்லை, உடம்பே உண்டாக்கும் கெரட்டினும் கொலாஜனும்தான் என்கிறது. உண்ணி கடித்து வரும் லைம் நோயைத் தரும் பொரேலியா கிருமியும் மாதிரிகளில் கிடைத்தது என்கிறது. மாடுகளின் குளம்பில் வரும் ஒரு தோல் நோயோடும் ஒப்பிட்டுக் காட்டியது. ஆனால் சொல்வது பெரும்பாலும் அதே சிறு குழுதான். ஆராயப்பட்டவர்களும் தமக்கு இந்த நோய் என்று தாமே வந்தவர்கள். நம்மூருக்கு இந்த வாதம் இன்னும் குறைவாகவே பொருந்தும். லைம் நோய் தென்னாப்பிரிக்காவில் நிலைகொண்டதாக நிறுவப்படவில்லை. இங்கே உண்ணி கடித்து வருவது ரிக்கெட்சியா கிருமியின் டிக் பைட் காய்ச்சல். அது வேறு.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வட கலிஃபோர்னியாவில் 115 பேரை ஆராய்ந்து 2012 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. ஒட்டுண்ணியோ பொதுவான தொற்றோ அகப்படவில்லை. நூல்களில் பெரும்பாலானவை பருத்தி. தோலில் அதிகம் தெரிந்தது வெயிலால் வந்த சிதைவும், பூச்சிக்கடி அல்லது நாள்பட்ட சொறிதலின் அடையாளமும். பலருக்கு உடல் சார்ந்த கவலை அதிகம். பாதிப் பேரின் முடியில் போதை மருந்துகள் தெரிந்தன. ஒப்பிட ஆரோக்கியமானவர்களின் குழு இல்லாத ஆய்வு இது, காரணம் எது என்று நிரூபிக்கவும் இல்லை. இருந்தாலும் தொற்று என்ற பக்கம் தராசு சாயவில்லை என்பதே என் கணிப்பு.

அதற்காக “உங்களுக்கு மனசுதான்” என்று சொல்லி அனுப்பிவிடலாமா? டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அது ஆபத்து. இங்கே நிஜமாகவே ஊரும் ஜீவன்கள் ஏராளம். நிழலில் காயும் ஈரத்துணியில் புட்சி ஈ முட்டையிடும். அந்தச் சட்டையை இஸ்திரி போடாமல் உடுத்தினால் நடுவில் துளையுள்ள கொப்புளம் வரும், உள்ளே புழு நெளியும். துளையை வாஸ்லினால் தடிமனாக மூடினால் காற்றில்லாமல் புழு தலை நீட்டும், அப்போது இடுக்கியால் எடுக்கலாம். கடற்கரை மணலில் நாய், பூனைக் கழிவு வழியாக வரும் புழு, தோலில் வளைந்த சிவப்புக் கோடாக நாளுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகரும். கூரைக்கடியில் மைனா கூடு கட்டியிருந்தால், குஞ்சுகள் பறந்த பிறகு பறவை உண்ணிகள் இரை தேடிப் படுக்கையறைக்கு இறங்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் சொறிச்சிரங்கு. அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். முதல் முறை தொற்றினால் அரிப்புத் தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதனால் யாரிடமிருந்து வந்தது என்றே தெரியாது. விரலிடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், தொப்புளைச் சுற்றி, முலைக்காம்பு, ஆண்குறி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு களிம்பு தடவியவர்களுக்கு அறிகுறியே மறைந்துபோகும். பெர்மெத்ரின் 5% களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடி உட்படத் தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் கழுவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் தடவ வேண்டும். வீட்டில் அரிப்பில்லாதவர்களும் அதே நாளில் தடவ வேண்டும், இல்லையேல் பந்துபோலத் திரும்பி வரும். படுக்கை விரிப்பை 60 டிகிரி நீரில் துவைக்கலாம். துவைக்க முடியாததைப் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைத்தால் போதும். பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கும். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் மருந்து பலிக்கவில்லை என்று மேலும் மேலும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது நம் சமூகத்துக்கே உரிய கண்ணி. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும், சைவர்களுக்கு இன்னும் வேகமாக. பி12 குறைந்தாலும், சர்க்கரையால் நரம்பு கெட்டாலும், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரும். சிறுநீரகமும் கல்லீரலும் பழுதானால் அரிப்பு. தைராய்டு, இரும்புச்சத்து, பார்க்கின்சன் நோய்க்கான டோபமின் மாத்திரைகள், இவற்றையும் கேட்க வேண்டும். டிக் எனும் மெத் போதையும் இதே ஊர்தலைத் தரும், அதைத் திட்டாமல் விசாரித்தால்தான் உண்மை வரும். இவற்றை இரத்தப் பரிசோதனையில் பார்க்காமல் மனநோய் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

நூலையும் துகளையும் கொண்டுவருவோரைக் கேலி செய்யக் கூடாது. 1983இல், இப்படி டப்பாவில் கொண்டுவருவதையே மனப்பிரமையின் அடையாளமாக்கி, ‘தீப்பெட்டி அறிகுறி’ என்று மருத்துவ இதழில் எழுதிய பிறகு, டப்பாவைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. திறந்து பாருங்கள். ஒட்டுநாடாவின் ஒட்டும் பக்கத்தை நேராகத் தோலில் அழுத்திக் கண்ணாடித் துண்டில் ஒட்டுவது நல்லது. பருத்தி நுண்ணோக்கியில் முறுக்கிய ரிப்பன்போலத் தெரியும், கம்பளியில் செதில் இருக்கும், பாலியெஸ்டர் வழவழப்பான குச்சி. இன்னொரு சோதனை: ஒரு புண்ணை இரண்டு வாரம் காற்றுப்புகாக் கட்டால் மூடி வைப்பது. மூடிய இடம் மட்டும் ஆறி, புதிய நூல் வராவிட்டால், புண்ணைத் தீராமல் வைத்திருந்தது விரல் நகம் என்பது தெரியும். கை எட்டாத நடு முதுகு சுத்தமாக இருப்பதும் அதே சாட்சி.

சண்டையைவிடச் சேதம் செய்வது கையிலிருக்கும் வைத்தியம். ஜேயஸ் எனும் கிருமிநாசினித் திரவத்தைக் குளிநீரில் கலப்பது, ஜிக் எனும் ப்ளீச், பாரஃபின் எனும் மண்ணெண்ணெய், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின், இவற்றால் வரும் தீக்காயத்தையும் எரிச்சலையும் பார்த்துப் பூச்சி பெருகிவிட்டதென்று நினைப்பார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றட்டும், வேம்புக்குப் பதில் அதைப் போன்ற சிரிங்கா மரத்தின் இலையால் தடவட்டும், ஆனால் இலையை உட்கொள்ளக் கூடாது. சிரிங்காவின் காய் இன்னும் கடுமையான விஷம், குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் பூச்சி உண்டு என்ற உறுதி மாறாவிட்டால், வாதாட வேண்டாம். “ஆமாம், பூச்சி இருக்கு” என்பதும் பொய், “ஒண்ணுமே இல்ல” என்றால் அவர் அடுத்த மருத்துவரிடம் போய்விடுவார். “எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு தெரியுது, ராத்திரி தூக்கம் வருதா?” என்று தொடங்கலாம். மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் மாத்திரையை 0.5 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்குவது வழக்கம். அது மூளையில் அரிப்பு உணர்வையும் மட்டுப்படுத்தும் என்று விளக்கினால் ஏற்பவர்கள் உண்டு. முன்பு பிமோசைடு தந்தார்கள், அதற்கு இதயத் துடிப்புப் பதிவு பார்க்க வேண்டும். ஒலன்சபைன் சர்க்கரையையும் எடையையும் ஏற்றும், ஆகவே மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு அதைத் தொடங்கினால் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். சில வாரங்களில் அரிப்புக் குறைந்ததும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவோர் நிறையப் பேர், அப்படி நிறுத்தினால் அது திரும்பி வருவது வழக்கம். குறைப்பதைப் படிப்படியாக, மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டும்.