டின்னின் உள்பக்கம்

மிளகுக்கு 13 வயது. நியூ ஜெர்சிக்கு நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் காப்பகத்திலிருந்து தூக்கி வந்த கறுப்புப் பூனை. போன தீபாவளிக்கு முன்பே அவள் போக்கு மாறிவிட்டது. தட்டை வழித்து நக்கிவிட்டு உடனே வந்து காலைச் சுற்றிக் கத்துவாள். அவ்வளவு தின்றும் தடவிக்கொடுக்கும்போது முதுகெலும்பு கணுக் கணுவாகக் கையில் தட்டுப்பட்டது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றது இரத்தப் பரிசோதனை. இப்போது தினமும் இரண்டு வேளை கையுறை மாட்டிக்கொண்டு அவள் காது மடலின் உட்புறத்தில் மருந்துக் களிம்பு தடவுகிறேன்.

"வயதான பூனைகளுக்குச் சாதாரணமாக வருவதுதான்" என்றார் மருத்துவர். அந்தச் 'சாதாரணம்' என்னைத் தூங்கவிடவில்லை. பூனைகளிடம் இந்த நோயை மருத்துவ உலகம் முதலில் பதிவு செய்ததே 1979இல்தான். அதன்பிறகு இது இவ்வளவு சாதாரணமானதற்கு, நோயைக் கண்டுபிடிக்கும் வசதி பெருகியது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 2004இல் வந்த ஓர் ஆய்வு, வளையத்தை இழுத்துத் திறக்கும் டின்களில் உணவு தின்ற பூனைகளிடம் இந்த நோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. டின்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, தொடர்பு இருக்கிறது என்று மட்டுமே சொன்னது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் 14 வளர்ப்பு நாய்களுக்கு இரண்டு வாரம் டின் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் பிஸ்பீனால் ஏ ஏறக்குறைய மூன்று மடங்கானது. பல டின்களின் உட்பூச்சில் சேர்த்து வந்த, ஹார்மோனைப் போல வேலை செய்யக்கூடிய பொருள் அது.

அன்றிரவு மிளகு தின்று முடித்த டின்னைக் கழுவி விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். மூடியின் உட்புறம் பால் வெள்ளை, அடிப்பக்கம் வெளிர் தங்க நிறம். தகரம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பூச்சு. அதன்மேல்தான் குழம்பு மாதக்கணக்கில் ஊறிக் கிடந்திருக்கிறது. லேபிளில் டாரின் என்ற சத்து எத்தனை, நார்ச்சத்து எத்தனை, ஈரப்பதம் எத்தனை என்று எல்லாம் உண்டு. அந்தப் பூச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டேன். "எல்லா விதிகளுக்கும் உட்பட்டது" என்ற ஒரே வாக்கியத்தை அந்தப் பெண் மூன்று முறை படித்தாள். நான் கேட்டது விதியை அல்ல, பொருளின் பெயரை.

உலர் உணவுப் பையின் கதை வேறு. கொழுப்பு காகிதத்தில் ஊறிக் கசியாமல் இருக்கப் பிஃபாஸ் எனப்படும் அழியா இரசாயனங்களைச் சேர்த்து வந்தார்கள். உணவு உறைகளுக்காக அவற்றை விற்பது அமெரிக்காவில் நின்றுவிட்டதாக உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது 2024 பிப்ரவரியில். எங்கள் மாநிலமோ அவற்றில் ஒன்றுக்குக் குடிநீரில் 2018லேயே உச்சவரம்பு வைத்துவிட்டது. மிளகின் கிண்ணத்துத் தண்ணீருக்கு இருந்த காவல், பக்கத்திலிருந்த தீனிக்கு இல்லை.

ஈர உணவை நிறுத்த முடியாது, அவள் சிறுநீரகத்துக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். நான்கு நிறுவனங்களுக்கு எழுதினேன். ஒன்று மட்டும் பூச்சு எதனால் ஆனது என்று பெயரோடு பதில் அனுப்பியது. இப்போது அவர்களுடையதைத்தான் வாங்குகிறேன். மீந்ததை டின்னோடு குளிர்பெட்டியில் வைப்பதில்லை, கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுகிறேன். உலர் தீனி, எடிசன் ஓக் ட்ரீ சாலையில் வாங்கிய எவர்சில்வர் சம்படத்துக்குப் போகிறது. பையைத் தூக்கி எறியும் முன் தயாரிப்பு எண் இருக்கும் ஓரத்தை மட்டும் கத்தரித்துச் சம்படத்து மூடியில் ஒட்டி வைக்கிறேன். நாளை ஏதாவது திரும்பப் பெறப்பட்டால் அந்த எண் வேண்டும்.

போன வாரம் எடை பார்த்தோம். நூறு கிராம் கூடியிருக்கிறாள்.