11 பேரும் ஒரு கோணமானியும்

சின்னக் குழுவாகக் கூட்டிப்போகும் டூர்க்காரர்கள், தனி அறை வேண்டுமென்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியோடு தங்க வேண்டும் என்றார்கள். கூடுதல் எவ்வளவு என்று கேட்டதுமே, 34 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு விடை கிடைத்துவிட்டது. அப்படித்தான் 2024 ஏப்ரலில், கோயம்புத்தூர் நர்ஸ் ஒருவரோடு உஸ்பெகிஸ்தானில் எட்டு நாள் குடித்தனம் நடத்தினேன்.

வீட்டுக்காரர் வரவில்லை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போனாலே அவருக்கு வெளியூர். "நீ போயிட்டு வா, நான் மோர் சாதம் சாப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். தன்னந்தனியாக மொழி தெரியாத ஊருக்குப் போக எனக்குத் துணிச்சல் கிடையாது. பெரிய கும்பலோடு போக ஆசையும் கிடையாது.

கும்பல் என்றால் என்ன என்று சில வருஷம் முன்பே பார்த்தாயிற்று. சிங்கப்பூர், மலேசியா. ஒரே பஸ்ஸில் 44 பேர். ஏறும்போது ஒரு முறை தலை எண்ணுவார்கள், இறங்கும்போது ஒரு முறை. எண்ணிக்கை 43 வரும். மறுபடி எண்ணுவார்கள். பத்துமலையில் 272 படி ஏறி இறங்க 40 நிமிஷம்தான் கொடுத்தார்கள். முருகனை மூச்சிரைக்கத்தான் கும்பிட்டேன். 44 பேர் ஆளுக்கு ஆள் அறிமுகம் செய்துகொள்வதென்றால் 946 அறிமுகம். யாரால் முடியும்? ஊர் திரும்பியபோது பக்கத்து சீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாது. இந்த முறை நாங்கள் 11 பேர்; 55 அறிமுகம்தான். இரண்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது, யாருக்குச் சர்க்கரை, யாருடைய மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பது உட்பட.

டெல்லியிலிருந்து தாஷ்கண்ட் மூன்று மணி நேரம்தான். கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளி வைத்தால் போதும். 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி உயிர்விட்ட ஊர் என்பதால் அவர் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். மெட்ரோவில் விண்வெளி வீரர்களின் பெயரால் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, நீல நீலமாக, தண்ணீருக்குள் இறங்கியது போல. அப்புறம் அஃப்ரோசியாப் என்ற அதிவேக ரயிலில் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், சமர்கண்ட்.

ரெஜிஸ்தான் சதுக்கத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன். நான் போனது, 15ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட உலுக் பேக்கின் வானாய்வுக் கூடத்துக்காக. திட்டத்தில் அதற்கு அரை மணி என்று போட்டிருந்தது. அதற்கு அடுத்து கம்பளக் கடை. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில், "எனக்கு அங்கே ஒன்றரை மணி நேரமாவது வேண்டுமே" என்று மெதுவாக இழுத்தேன். வழிகாட்டிப் பெண் எல்லார் முகத்தையும் பார்த்தாள். "டீச்சருக்காகக் கம்பளத்தை விட்டுடலாம்" என்றார் நர்ஸ். கைகள் உயர்ந்தன. 44 பேரில் இது நடக்குமா?

வெளியிலிருந்து பார்த்தால் அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு குன்று, ஒரு வாசல். உள்ளே போனால் பாறையை வெட்டிய ஆழமான பள்ளம், அதன் அடியிலிருந்து வளைந்து மேலேறும் இரண்டு கல் தண்டவாளங்கள். கல்லில் பாகைக் கோடுகள். மேலே ஏதோ ஒரு துளை வழியாக உச்சிப்பொழுது வெயில் இந்த வளைவில் விழும்; விழுந்த இடத்தை வைத்துச் சூரியனின் உயரத்தைப் படிப்பார்கள். வட்டத்தின் ஆரம் சுமார் 40 மீட்டர். மனக்கணக்காகப் போட்டேன்: ஒரு பாகைக்கு 70 சென்டிமீட்டர்! நம் பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கும் கோணமானியில் ஒரு பாகை ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. எத்தனை வருஷம் "கோட்டுக்கு நேரே கண்ணை வை" என்று கத்தியிருப்பேன். இந்த மனுஷன் கோணமானியையே பெரிதாக்கிவிட்டார்.

அவர் தைமூரின் பேரன், ராஜா. 1437இல் வந்த அவருடைய அட்டவணையில் 1018 நட்சத்திரங்கள். நட்சத்திர ஆண்டின், அதாவது சூரியன் மறுபடி அதே நட்சத்திரத்துக்கு நேரே வர ஆகும் காலத்தின், நீளத்தை 365 நாள், 6 மணி, 10 நிமிஷம், 8 விநாடி என்றார். பிசகு ஒரு நிமிஷத்துக்கும் குறைவு, அதுவும் தொலைநோக்கி வருவதற்கு முன்னால். அவரிடம் இருந்த கணித மேதை அல்-காஷி, 80 கோடிக்கும் மேல் பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வைத்து, பை (π) என்ற எண்ணின் மதிப்பை 16 தசம இடம் வரை போட்டார். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் கேரளத்தில் மாதவர் வேறு வழியில் 11 இடம் வரை போயிருந்தார். 1449இல் உலுக் பேக்கைக் கொல்ல ஏற்பாடு செய்தது பெற்ற மகன். வானத்தைப் படித்தவருக்கு வீட்டுக்குள் நடந்தது தெரியவில்லை, பாவம். கூடமும் இடிந்து போய், இடமே மறந்து போயிற்று. 1908இல் வியாத்கின் என்ற ரஷ்யர் பழைய நிலப் பத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தேடித் தோண்டி எடுத்தார். தரைக்குக் கீழே இருந்ததால் இந்தத் துண்டு மட்டும் தப்பித்தது.

இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. திரும்பினால் பத்துப் பேரும் நிற்கிறார்கள், வழிகாட்டியும் சேர்த்து. பழக்க தோஷம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. தினமும் காலையில் 20 நிமிஷம் தாமதமாக வரும் ஒருவர் எங்கள் குழுவிலும் இருந்தார். பெரிய பஸ்ஸில் இப்படி ஒருவரைக் கண்ணில் படாமல் தவிர்த்துவிடலாம். வேனில் முடியாது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அடுத்த ஊரான புகாரா போகும் வரை வேன் முழுக்க மப்பு. சைவச் சாப்பாடும் திண்டாட்டம்தான். பரங்கிக்காய் சோம்சாவும் தக்காளி வெங்காய சாலடும் நர்ஸின் பருப்புப் பொடியும் காப்பாற்றின.

சமர்கண்ட் ரொட்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கனமாக, பளபளவென்று, நடுவில் அச்சுக் குத்தியது. நாள்கணக்கில் கெடாது என்று கடைக்காரம்மா சைகையில் சொன்னார். கவிழ்த்து வைக்கக் கூடாதாம். பெட்டியில் நிமிர்த்தி வைத்து இரண்டு கொண்டுவந்தேன்.

வீட்டுக்காரர் அதைப் பிய்த்துக் காப்பியில் தோய்த்துத் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம டீக்கடை பொறை மாதிரிதான் இருக்கு" என்றார். இன்னொரு துண்டு பிய்த்துக்கொண்டார்.