கால் கிலோ இலவசம்

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஒரு சாக்லேட் கடையில் பில் போடுகிறேன். சீசன் வந்தால் வாசலில் ஒரு போர்டு வைப்போம்: ‘ஒரு கிலோ வாங்கினால் கால் கிலோ இலவசம்’. அதைப் பார்த்துக் கூட்டம் உள்ளே நெருக்கும்போது, “ஓசின்னா பினாயிலைக்கூடக் குடிப்பாங்க” என்று கடைக்குள் யாராவது சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதே இல்லை. வருகிறவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை.

கணக்கைப் பாருங்கள். கிலோ 800 ரூபாய். இலவசத்தோடு சேர்த்து ஒண்ணேகால் கிலோ 800 ரூபாய் என்றால், கிலோ 640 விழுகிறது. வெறும் 20 சதவீதத் தள்ளுபடிதான். ஆனால் அப்படியே ‘20 சதவீதம் தள்ளுபடி’ என்று எழுதி வைத்தால், கால் கிலோ வாங்க வந்தவர் 160 ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ‘இலவசம்’ என்று எழுதினால் அதே ஆள் 800 ரூபாயை எடுத்து நீட்டுகிறார்.

சாக்லேட்டை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் டேன் ஏரியலியும் அவரோடு இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. உயர்ரக லிண்ட் சாக்லேட் 15 அமெரிக்க சென்ட், சாதாரண ஹெர்ஷே 1 சென்ட் என்று வைத்தபோது வாங்கியவர்களில் பெரும்பாலோர் லிண்ட்டை எடுத்தார்கள். அப்புறம் இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்தார்கள். லிண்ட் 14, ஹெர்ஷே சும்மா. விலை வித்தியாசம் மாறவில்லை, ஆனாலும் கூட்டம் ஹெர்ஷே பக்கம் சாய்ந்துவிட்டது. காசு கொடுக்காமல் வாங்கும் பொருளில் ஏமாறுவதற்கு ஒன்றுமில்லை என்று மனசு நம்பிவிடுகிறது.

போன சீசனில் திருப்பூரிலிருந்து வந்த ஒரு அக்கா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு கிலோவுக்கே பில் போடச் சொன்னார். “இவ்வளவு வேணுமாக்கா?” என்று கேட்டேன். “வேண்டாந்தான். ஆனா அந்தக் கால் கிலோவை விட்டுட்டுப் போக மனசு கேக்கலையேம்மா” என்றார். இன்னும் கைக்கே வராத கால் கிலோ, அதற்குள் அவருடையதாகிவிட்டது. ஒரு ரூபாய் கிடைப்பதில் வரும் சந்தோஷத்தைவிட ஒரு ரூபாய் போவதில் வரும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். அந்த அக்காவிடம் நான் பார்த்தது அந்த வலியைத்தான்.

இதோடு வேன் டிரைவர் வேறு. ஊர் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியாக எங்கள் ரோட்டில் நிறுத்தி, “இருபது நிமிஷந்தான், சீக்கிரம் வாங்க” என்பார். பக்கத்து சீட்டுக்காரர் கையில் இரண்டு பை இருக்கும். திரும்பவும் எப்போது ஊட்டிக்கு வரப்போகிறோமோ என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நடுவில் நிதானமாகக் கணக்குப் போடு என்றால் யாரால் முடியும்?

வாங்கியதெல்லாம் வீடு போய்ச் சேர்வதும் இல்லை. இங்கே குளிரில் கல் மாதிரி இருக்கும் சாக்லேட், கோத்தகிரி வழியாக இறங்கி மேட்டுப்பாளையம் மே மாத வெயிலைத் தொட்டதும் இளக ஆரம்பித்துவிடும். கோயம்புத்தூர் போவதற்குள் பைக்குள் ஒரே கட்டி. இது எங்களுக்கும் தெரியும், போர்டில் மட்டும் எழுதுவதில்லை.

எங்கள் ஓனர் கெட்டவர் இல்லை. வாடகை பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு, வியாபாரம் என்னவோ ஏப்ரலும் மேயும்தான். அவருக்கும் பயம் இருக்கிறது. ஆனாலும் 100 கிராம் விலையை அதே போர்டில் அதே அளவு எழுத்தில் எழுதலாமே என்று கேட்டிருக்கிறேன். “அடுத்த சீசன்ல பாக்கலாம்” என்றிருக்கிறார். அதுவரை பில் போடுவதற்கு முன்னால், “வீட்டுல எத்தனை பேரு? எந்த ஊருக்குப் போறீங்க?” என்று கேட்கிறேன். சிலர் யோசித்துவிட்டு அரைக் கிலோவாகக் குறைத்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை என்று ஒரு கிலோவே வாங்குகிறவர்களுக்குப் பழைய செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, வெயில் படாமல் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறேன்.