ஜட்டியில் கறை இருந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள்

ஏழு வயசுப் பையன் ஜட்டியிலேயே மலம் போனால் வீட்டில் முதலில் கிடைப்பது அடி. அடுத்தது, "எருமை மாதிரி வளர்ந்துட்ட, வெட்கமா இல்ல?" என்ற கேள்வி. என் அக்கா மகனுக்கு இரண்டும் தாராளமாகக் கிடைத்தன. "வேணும்னே பண்றான், கொழுப்பு" என்று அம்மா அடித்துச் சொன்னார். அவன் ஒரு இடத்தில் உட்காராத பையன், வகுப்பில் பாதி நேரம் பெஞ்சுக்குக் கீழேதான் இருப்பான். அதனால் இதையும் அந்தச் சேட்டைக் கணக்கிலேயே எல்லோரும் சேர்த்துவிட்டார்கள்.

நடுவில் ஒருவர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்தார். நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ளே மலம் கட்டி கட்டியா நிக்குது. கசியுறது அவனுக்கே தெரியாதும்மா" என்றார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

நடப்பது இதுதான். என்றோ ஒருநாள் மலம் இறுகி, போகும்போது வலித்திருக்கும். அந்தப் பயத்தில் பிள்ளை அடக்கத் தொடங்குகிறது. அடக்க அடக்க மலம் இன்னும் காய்ந்து பெரிதாகிறது. மலக்குடல் இழுத்து இழுத்துத் தளர்ந்துபோன எலாஸ்டிக் மாதிரி ஆகி, 'வருது' என்ற உணர்வே மங்கிவிடுகிறது. மேலே இருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றி வழிந்து ஜட்டியில் படுகிறது. பார்ப்பவர்களுக்கு அது பேதி. வயிற்றுவலி, பசியின்மை எல்லாம் கூடவே வரும். நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சில பிள்ளைகள் படுக்கையையும் நனைப்பார்கள்.

அந்த மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: "ஸ்கூல்ல கவனம் எப்படி?" அந்தக் கேள்விக்காக அவருக்கு நான் காலம் முழுக்க நன்றி சொல்வேன். ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளை விளையாட்டில் மூழ்கினால் வயிறு கொடுக்கும் சமிக்ஞையைக் கவனிப்பதில்லை. கழிப்பறைக்குப் போனாலும் முழுசாகப் போகும்வரை உட்காருவதில்லை. அமெரிக்க ராணுவக் குடும்பங்களைச் சேர்ந்த ஏழு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் 4.1 சதவீதம் பேருக்கு மலச்சிக்கல் பதிவாகியிருந்தது, மற்றவர்களில் 1.5 சதவீதம். மலக்கசிவில் இது ஆறு மடங்கு: ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் 0.9 சதவீதம், மற்றவர்களில் 0.15 சதவீதம்.

குழந்தைகள் மனநல மருத்துவர் வீட்டிலும் பள்ளியிலும் அவன் எப்படி இருக்கிறான் என்று தனித்தனியாகக் கேட்டறிந்த பிறகுதான் ஏ.டி.எச்.டி. என்று உறுதிசெய்தார். ஓரிடத்தில் மட்டும் துறுதுறுவென்று இருப்பதை வைத்து அப்படி முடிவு செய்யக் கூடாதாம்.

சிகிச்சையில் முதலில் தேங்கியதை வெளியேற்றினார்கள். அப்புறம் மலத்தை இளக்கும் மருந்து, மாதக்கணக்கில். இங்கேதான் பல வீடுகளில் சறுக்குகிறது. நாலு நாள் ஒழுங்காகப் போனதும் 'மருந்து பழகிடும்' என்று நிறுத்திவிடுகிறார்கள், குடல் சுருங்கிப் பழைய நிலைக்கு வருவதற்குள். குறைந்தது இரண்டு மாதமாவது கொடுத்து, எல்லாம் சரியாகி ஒரு மாதம் ஆன பிறகு மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும். வாழைப்பழமும் கீரையும் நல்லதுதான், ஆனால் கட்டிநிற்கும் மலத்தை அவற்றால் மட்டும் தள்ள முடியாது.

சாப்பிட்டதும் குடல் இயல்பாகவே அசையும். அதனால் காலையும் இரவும் சாப்பாடு முடிந்ததும் அவனை ஐந்து பத்து நிமிடம் உட்கார வைக்கிறாள் அக்கா. வெஸ்டர்ன் டாய்லெட் என்பதால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி. போனாலும் போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்கே ஒரு ஸ்டிக்கர். திட்டு கிடையாது.

பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல், மலத்தில் ரத்தம், எடை குறைதல், கால்களில் பலவீனம் இவற்றில் ஏதாவது இருந்தால் வேறு நோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். "மிஸ், ரெண்டுக்கு" என்று ஒரு பிள்ளை விரலை நீட்டினால் அந்த நிமிடமே அனுப்புங்கள். பீரியட் முடியட்டும் என்று சொல்லாதீர்கள். கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். நாற்றத்துக்குப் பயந்தே எத்தனையோ பிள்ளைகள் மாலை வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.