நாலு பத்துக்குப் பிறகு சாவி யார் கையில்? மாலை நேர வகுப்பு நடத்திய அனுபவம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணித் துறையும் நாட்டு நலப்பணித் திட்ட அணியும் சேர்ந்து, பக்கத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை நாற்பது குழந்தைகள். சொல்லிக்கொடுப்பது எங்கள் மாணவர்கள். இதே வேலையில் இறங்கப் போகும் மற்ற கல்லூரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு உதவி நிறையக் கிடைக்கும். அனுமதி, சாவி, ரசீது, செமஸ்டர் தேர்வு ஆகிய நாலும்தான் வகுப்பைப் படுக்கவைக்கின்றன. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அனுமதியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. கல்வி அலுவலகத்தில் கடிதத்தை வாங்கினார்கள், முத்திரை குத்தினார்கள், கோப்பைத் தேட உதவும் ந.க. எண்ணும் கொடுத்தார்கள். பிறகு எப்போது போனாலும் "ஐயா கேம்ப்ல இருக்காங்க." வாரக்கணக்கில் அலைந்த பிறகுதான், "துறைத் தலைவர் கையெழுத்தெல்லாம் செல்லாதுங்க, பதிவாளர் லெட்டர் வேணும். அதுவும் இங்க இல்ல, மேல கொடுக்கணும்" என்று சொன்னார்கள். கடிதத்தைக் கையில் வாங்கிய அன்றைக்கே இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், ஜூன் மாதத்தில் தொடங்கியிருக்க வேண்டிய வகுப்பு காலாண்டுத் தேர்வு வரை இழுத்திருக்காது. அந்த நாட்களெல்லாம் குழந்தைகளுடையவை.

ஆகவே கடிதம் பதிவாளர் பெயரில், பல்கலைக்கழக முத்திரையோடு போகட்டும். முதன்மைக் கல்வி அலுவலருக்கு முகவரியிட்டு, மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி), வட்டாரக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர் மூவருக்கும் நகல் போடுங்கள். தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். எந்தப் பிரிவுக்குப் போகிறது, எந்த எழுத்தர் பார்க்கிறார் என்பதை அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது "லெட்டர் கொடுத்திருந்தோமே" என்றால் யாருக்கும் தெரியாது. ந.க. எண்ணும் பிரிவும் சொன்னால் கோப்பு கைக்கு வந்துவிடும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். தொடங்கும் தேதி, முடியும் தேதி, கிழமைகள், நேரம், எந்தெந்த வகுப்புக் குழந்தைகள், கட்டணம் கிடையாது என்ற உறுதி, பொறுப்பாசிரியர் பெயர், கைபேசி எண், சொல்லிக்கொடுக்கும் மாணவர்களின் பட்டியல். பட்டியலில் மாற்று ஆட்களையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். நடுவில் ஒருவர் நின்று இன்னொருவர் வந்தால், புதியவர் பெயர் அனுமதியில் இல்லை என்று வாசலிலேயே நிறுத்தலாம். நிறுத்தினார்கள்.

அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். அடுத்தது சாவி. எங்கள் பள்ளியில் நாலு பத்துக்குப் பள்ளி விடும் மணி அடிக்கும். "அதுக்கு மேல ஒரு புள்ள கீழ விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நான்தானே சார்?" என்று தலைமையாசிரியை கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். அவரை வற்புறுத்தி ஒத்துக்கொள்ள வைத்தால், ஏதாவது சின்னச் சலசலப்பு வந்ததுமே வகுப்பு நின்றுவிடும்.

வழி பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். குழுக் கூட்டம் எப்போது என்று கேட்டு, அன்றைக்கு நேரில் போய்ப் பேசி, தீர்மானம் எழுத வையுங்கள். மாலையில் எந்த இரண்டு அறைகள், கழிப்பறை திறந்திருக்குமா, சாவி யாரிடம், பூட்டுவது யார், மறுநாள் காலை எத்தனை மணிக்குள் சாவி திரும்ப வரும் என்பதெல்லாம் தீர்மானத்தில் வர வேண்டும். சாவியை எங்கள் மாணவரிடம் கொடுப்பதைவிட, பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் குழு உறுப்பினர் ஒருவரிடம் கொடுப்பதுதான் நிலைத்தது. எங்களுக்கு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் மூன்றாம் வகுப்புக் குழந்தையின் அம்மா. அவர் மாலையில் ஒரு தடவை எட்டிப்பார்க்க ஆரம்பித்ததும் தலைமையாசிரியையின் பயம் பாதி குறைந்தது.

மின்சாரத்தையும் அந்தத் தீர்மானத்திலேயே கேட்டு வையுங்கள். மெயின் சுவிட்ச் தலைமையாசிரியர் அறைக்குள் இருந்து, அந்த அறை பூட்டியிருந்தால் நவம்பரில் வகுப்பு நடக்காது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிடும். மேகம் மூடினால் ஐந்தேகாலுக்கே எழுத்து தெரியாது. சார்ஜ் செய்த விளக்கு அறைக்கு இரண்டு இருக்கட்டும்.

2021 அக்டோபரில் தொடங்கிய அரசின் இல்லம் தேடிக் கல்வி மையம் இன்னும் நடக்கும் ஊரென்றால், முதலில் அந்தத் தன்னார்வலரைப் போய்ப் பாருங்கள். அதே குழந்தைகள், அதே மாலை நேரம். பேசாமல் தொடங்கினால் போட்டியாகத்தான் தெரியும். கிழமைகளைப் பிரித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பது சுலபமாக முடிந்தது. வகுப்பாசிரியர்கள் பெயர் கொடுத்தார்கள், பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். யார் வந்து அழைத்துப் போவார்கள், தனியாக அனுப்பலாமா, ஏதாவது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதா, புகைப்படம் எடுக்கலாமா என்ற நாலு கேள்விக்கும் தனித்தனியாகக் கட்டம் போடுங்கள். புகைப்படத்துக்கு 'வேண்டாம்' என்று குறித்த பெற்றோர் இருந்தார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவு, பேனர் கட்டிக் குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தது. கரும்பலகை, கையெழுத்து, கணக்குக்கான குச்சிக்கட்டு, இவற்றைப் படம் எடுத்து அனுப்பினோம். முகம் எதற்கு?

பாதுகாப்பில் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது. ஒரு குழந்தையோடு ஒரு மாணவர் மட்டும் தனி அறையில் இருக்கக் கூடாது. கதவு திறந்தே இருக்க வேண்டும். யாரும் குழந்தையைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடக் கூடாது, மழை பெய்தாலும் சரி. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்திருப்பது தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம். இதைப் பயிற்சியின் முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். குழந்தை எதையாவது சொன்னால், குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டு, உடனே பொறுப்பாசிரியரிடம் வர வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐச் சுவரில் பெரிதாக ஒட்டிவையுங்கள்.

மாணவர் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐந்து குழந்தைக்கு ஒருவர் என்றால் ஒரு நாளுக்கு எட்டுப் பேர். திங்கள், புதன் ஓர் அணி. செவ்வாய், வியாழன் இன்னோர் அணி. ஆகப் பதினாறு. எடுக்க வேண்டியது இருபத்துநாலு. ஆர்வத்தில் பெயர் கொடுப்பவர்களில் ஒரு பகுதி முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வோடு காணாமல் போவார்கள். ஒரே குழந்தைகளை ஒரே மாணவர் கடைசி வரை பார்க்க வேண்டும். தினம் ஒரு அண்ணன், தினம் ஒரு அக்கா என்று முகம் மாறினால், எங்கே நிறுத்தினோம் என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.

முதல் வாரம் பாடமே நடத்தாதீர்கள். ஒவ்வொரு குழந்தையையும் தனியாக உட்காரவைத்து ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள்: எழுத்து, சொல், வாக்கியம், சின்னப் பத்தி. கணக்கில் ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதை வைத்துக் குழு பிரியுங்கள், வகுப்பை வைத்துப் பிரிக்காதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஐந்தாம் வகுப்புப் பையன் சொல் நிலையிலேயே இருந்தாலும், அவனை மூன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்காரவைத்தால் மறுநாள் வரமாட்டான். பெரியவர்களுக்கு மட்டும் தனிக் குழு வேண்டும்.

தமிழ் வாசிப்பில் குழந்தைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பதை எங்கள் மாணவர்களே முதலில் கவனிக்கவில்லை. 247 எழுத்து அட்டவணையை மாட்டி ஒப்பிக்க வைத்தார்கள். ஒப்பிக்கத் தெரிந்த குழந்தைக்கு 'கொக்கு' வாசிக்க வரவில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலி மட்டும் ஒன்று. குழந்தை கொம்பைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது; அல்லது காலை விட்டுவிட்டு 'கெக்கு' என்கிறது. க என்று ஓர் அட்டை, கொம்பு ஓர் அட்டை, கால் ஓர் அட்டை என்று வெட்டிக் கையில் கொடுத்து, க, கா, கெ, கொ என்று நகர்த்தச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். எழுத்தே தெரியாதவர்களுக்கு ட, ப, ம மூன்றில் தொடங்கினால், புள்ளி அறிமுகமானதும் படம், மடம், பட்டம் வாசித்துவிடலாம். முதல் நாளே ஒரு சொல் வாசித்த குழந்தை மறுநாள் வராமல் இருக்காது.

கணக்கில் பெரிய பொறி கழித்தல். 52இலிருந்து 17 போனால் 45 என்று எழுதும் குழந்தைக்குக் கவனக்குறைவு கிடையாது. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்துவிடுகிறது. அதற்குத் தெரிந்த விதி அதுதான். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டு ஐந்தும் தனிக்குச்சி இரண்டும் கொடுத்து, பதினேழை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு குச்சியிலிருந்து ஏழை எடுக்க முடியாமல் கட்டைப் பிரிக்கும் கையைப் பார்க்கலாம். மூன்று கட்டும் ஐந்து குச்சியும் மிஞ்சும். 'கடன் வாங்கு' என்று பத்து தடவை சொல்வதைவிட இது விரைவாக ஏறும்.

தின்பண்டம் இல்லாமல் இந்த வகுப்பு நடக்காது. மதியச் சத்துணவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாத குழந்தை ஐந்து மணிக்குத் தூங்கிவிழும். நாலேகால் முதல் நாலே முக்கால் வரை சாப்பாடும் ஓட்டமும், பிறகு ஒரு மணி நேரம் பாடம். தலைக்கு முப்பது கிராம் கொண்டைக்கடலை, நாற்பது பேருக்கு ஒன்றே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். காலையில் அவித்து வைத்தால் வெயில் காலத்தில் மாலைக்குள் கெட்டுவிடும், மதியத்துக்கு மேல்தான் அவிக்க வேண்டும். தேங்காய் சேர்க்க வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும். சுண்டல் இல்லாத நாளில் வாழைப்பழம்.

அந்த வாழைப்பழம்தான் நிதிப் பிரிவில் என்னைச் சோர்வடையச் செய்தது. தள்ளுவண்டியில் வாங்கிய பழத்துக்கு அச்சடித்த ரசீது கேட்டார்கள். வெள்ளைத்தாளில் எழுதி அந்தப் பாட்டியிடம் கைநாட்டு வாங்கிக் கொண்டுபோனதைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அதே ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் சுண்டலும் பழமும் மொத்தமாக ஒப்படைத்தோம். அவர்களிடம் முத்திரை இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, மாதம் ஒரே பில். பணம் நேராகக் கணக்குக்குப் போகிறது. ரசீது 5000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள், இதற்காகவே கோப்பு திரும்பும். முன்பணம் வாங்கியிருந்தால் மார்ச் 31க்குள் கணக்கை ஒப்படைத்துவிடுங்கள். நிலுவை இருந்தால் அடுத்த ஆண்டு முன்பணம் கிடைக்காது.

மாணவர்களின் மணிக்கணக்கிலும் இதே மாதிரி ஒரு முடிச்சு உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு 240. வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், ஒரு செமஸ்டரில் பதினாலு வாரம் என்றால் 56 மணி நேரம். இரண்டு செமஸ்டருக்கு 112. மிச்சம் எட்டு மணி நேரத்தைத் தொடக்கப் பயிற்சியாக வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். ஆனால் யார் சான்று அளிப்பது? தலைமையாசிரியை நாலேகாலுக்குப் போய்விடுவார், பார்க்காத வேலைக்கு அவர் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. சாவி வைத்திருக்கும் குழு உறுப்பினர் தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவது என்று தீர்மானத்திலேயே எழுதினால் பிறகு தகராறு இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் இடித்தது நாட்காட்டி. பள்ளிக்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. குழந்தைக்கு நாம் அதிகம் தேவைப்படுவது அதற்கு முந்தைய வாரங்களில். சரியாக அப்போதுதான் எங்கள் மாணவர்களுக்கு செமஸ்டர் தேர்வு. ஏப்ரலிலும் இதே மோதல். சொல்லாமல் நின்றால், "அக்கா இன்னைக்கு வருவாங்களா" என்று குழந்தைகள் வாசலில் காத்திருப்பார்கள், அது மிகவும் கொடுமை. தேர்வு அட்டவணை வந்ததுமே, வெவ்வேறு துறை மாணவர்களைக் கலந்து அணி பிரியுங்கள். முதுநிலைக்கும் இளநிலைக்கும் பெரும்பாலும் தேர்வு ஒரே நாளில் வராது. அப்படியும் ஆள் போதவில்லை என்றால், விடுமுறைத் தேதியையும் திரும்பத் தொடங்கும் தேதியையும் இரண்டு வாரம் முன்பே கதவில் ஒட்டுங்கள். சொன்ன தேதியில் தொடங்கினால் குழந்தைகள் திரும்பி வருகிறார்கள். ஒரு நாள் தள்ளினாலும் எண்ணிக்கை இறங்கிவிடுகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது வாசலில் ஒருவர் பட்டியலோடு நிற்க வேண்டும். யார் கூப்பிட வந்தார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்து. கடைசிக் குழந்தை போகும் வரை இரண்டு மாணவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

அனுமதி கல்வியாண்டோடு காலாவதியாகும். புதுப்பிக்கும் கடிதத்தை மார்ச் மாதத்திலேயே, பழைய அனுமதி ஆணையின் (செயல்முறைகள்) நகலையும் குழுத் தீர்மானத்தையும் இணைத்து, தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். கோடையில் இடமாறுதல் கலந்தாய்வு வரும். ஜூனில் பள்ளி திறக்கும்போது புதுத் தலைமையாசிரியர் இருக்கலாம், அவருக்கு உங்களைத் தெரியாது. இணைப்போடு உள்ள ஒரு பிரதியைப் பள்ளிப் பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள்.