டேட்டாபேஸ் நிர்வாகச் செய்முறைத் தேர்வு: வீட்டிலேயே ஒரு சர்வர் போட்டுப் பழகுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸ். இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். மதிப்பெண் எல்லாம் செய்முறையில் வந்ததுதான், எழுத்துத் தேர்வில் கரை சேர்ந்ததோடு சரி. அதனால் நான் சொல்வதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும். புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், கை வைத்துப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) பக்கம் நான் போகவில்லை, அதற்கு ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள்.

முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான்: நீங்கள் உட்கார்ந்து படிக்கும் கம்ப்யூட்டரிலேயே டேட்டாபேஸைப் போடாதீர்கள். மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி, போஸ்ட்கிரெஸ் (இலவச டேட்டாபேஸ் மென்பொருள்) நிறுவி, வேறு மெஷினிலிருந்து அதற்குள் நுழையப் பாருங்கள். எல்லாம் ஒரே மெஷினில் இருந்தால் எதுவும் தகராறு செய்யாது. தகராறே இல்லாவிட்டால் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? நான் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பில் கடைசிவரை லோக்கல்ஹோஸ்ட்தான், அதாவது சர்வரும் நாமும் ஒரே மெஷினில், வாங்கிய கட்டணத்துக்கு இன்னொரு மெஷினைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

இணைப்பு கிடைக்கவில்லை என்றதும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து கண்டதையும் மாற்றுகிறவர்கள்தான் நேரத்தைத் தொலைக்கிறார்கள். முதலில் எரரை முழுசாகப் படியுங்கள்.

- நெடுநேரம் தொங்கிவிட்டு டைம்அவுட் ஆனால் பெரும்பாலும் ஃபயர்வால் (இணைப்புகளை வடிகட்டும் தடுப்பு). 5432 (போஸ்ட்கிரெஸ் இணைப்பு வாங்கும் போர்ட் எண்) திறந்திருக்கிறதா பாருங்கள்.
- 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று உடனே வந்தால் மெஷின் வரை போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில் கேட்கத்தான் ஆள் இல்லை. சர்வீஸ் ஓடாமல் இருக்கலாம், அல்லது லிசன்_அட்ரஸஸ் (எந்த முகவரிகளில் இணைப்பை ஏற்பது என்ற அமைப்பு) இன்னும் டீஃபால்ட்டான லோக்கல்ஹோஸ்டிலேயே இருக்கலாம்.
- பிஜி_எச்பிஏ.கான்ஃபில் (யார், எங்கிருந்து உள்ளே வரலாம் என்று எழுதிய ஃபைல்) என்ட்ரி இல்லை என்றால் சந்தோஷப்படுங்கள், பதில் சொல்வது போஸ்ட்கிரெஸேதான்.
- பாஸ்வேர்ட் தப்பு என்றால் நெட்வொர்க்கை மறந்துவிடலாம்.

இதில் மூன்றாவதுதான் என்னைக் காப்பாற்றியது. போஸ்ட்கிரெஸ் அந்த ஃபைலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து, முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும், அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. வீட்டில் வேண்டுமென்றே 192.168.1.0/24 (என் வீட்டு நெட்வொர்க்கின் ஐபி முகவரிகள்) முழுவதையும் 'ரிஜெக்ட்' செய்யும் ஒரு வரியை மேலே வைத்து, என் லேப்டாப்பை அனுமதிக்கும் வரியை அதற்குக் கீழே வைத்துப் பார்த்திருக்கிறேன், உள்ளே விடவே விடாது. தேர்விலும் கிட்டத்தட்ட அதே பொறிதான், வரியை மேலே நகர்த்தினால் வேலை முடிந்தது. கூடவே 'ஓடுகிற இணைப்புகள் அறுபடக் கூடாது' என்று ஒரு நிபந்தனை. பிஜி_எச்பிஏவை மாற்றினால் ரீலோட் (சர்வரை நிறுத்தாமல் அமைப்பை மீண்டும் படிக்க வைப்பது) போதும், லிசன்_அட்ரஸஸை மாற்றினால்தான் ரீஸ்டார்ட் வேண்டும். இது தெரியாமல் பழக்க தோஷத்தில் ரீஸ்டார்ட் அடித்தால் மார்க் போச்சு.

அப்புறம் சில உதிரி விஷயங்கள்:

- ரவுட்டரில் சர்வர் மெஷினுக்கு ஐபியை ரிசர்வ் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் முகவரி மாறியிருக்கும், நீங்கள் ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.
- வெளியிலிருந்து பார்க்கும் ஆசையில் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (இணையத்திலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடுவது) செய்யவே வேண்டாம். பழகுவதற்கு வீட்டு நெட்வொர்க் தாராளம்.
- மைஎஸ்க்யூஎல் (இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள்) எடுப்பவர்களுக்கு: போர்ட் 3306, லிசன்_அட்ரஸஸுக்குப் பதில் பைண்ட்-அட்ரஸைப் பாருங்கள். அங்கே ஒரே பெயரில் லோக்கல்ஹோஸ்டிலிருந்து வருபவரும் வேறு ஐபியிலிருந்து வருபவரும் இரண்டு தனித்தனி யூசர்கள்.
- போஸ்ட்கிரெஸ் 15 முதல் சாதாரண யூசருக்கு பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்கள் வழக்கமாகப் போய் உட்காரும் இடம்) டேபிள் உருவாக்கும் உரிமை தானாக வராது. பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இங்கேதான் முழிப்பார்கள்.
- பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, இன்னொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி_டம்ப் யூசர்களையும் ரோல்களையும் எடுக்காது, அதற்கு பிஜி_டம்ப்ஆல் தனியாக ஓட்ட வேண்டும். என் வினாத்தாளில் இது வரவில்லை, அடுத்த முறை வரலாம்.