டெக்னோவுக்குப் போனால் குற்றமா?

டிரான்ஸிலிருந்து டெக்னோவுக்கு (இரண்டும் மின்னணு நடன இசை வகைகள்) மாறிய ஒரு இசைத் தயாரிப்பாளரின் பாடல். ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை, நண்பர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "இவரும் டெக்னோவுக்குப் போய்விட்டாரா? எல்லாம் காசு!"

நண்பர் கேட்டது கிக் டிரம்மை, அதாவது தாளத்தைத் தாங்கும் அந்த 'டும் டும்' அடியை, மட்டும்தான்.

டிரான்ஸில் அகன்ற சின்தசைசர் ஒலி அலைகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்தத் தயாரிப்பாளர், இந்தப் பாடலில் எல்லாவற்றையும் உரித்துவிட்டு அடிவயிற்றில் இறங்கும் ஒரே ஒரு கிக்கை வைத்திருக்கிறார். அதன் வாலில் லேசான கரகரப்பு. எனக்கு அந்தக் கரகரப்பு மிகவும் பிடித்திருந்தது.

டச்சு டிஜே டியஸ்டோ 2009 வாக்கில் டிரான்ஸை விட்டு நகர்ந்தபோதும் இதே புலம்பல்தான்.

சரி, ஸ்வீடன் டிஜே அவிச்சியை எதில் சேர்ப்பது? 2013இல் மயாமியின் அல்ட்ரா மின்னணு இசை விழாவில் நேரடி இசைக்குழுவோடு கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) வாசனை வீசும் பாடல்களை இறக்கினார். கூட்டம் திருதிருவென விழித்தது. அவற்றில் ஒன்று சில மாதங்களில் பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. ஆசையா, வணிகமா? பிரித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

இன்னொரு ஸ்வீடன் டிஜே எரிக் பிரிட்ஸ் கெட்டிக்காரர். டெக்னோவுக்கென்று சிரெஸ் டி என்ற தனிப்பெயரையே வைத்துக்கொண்டார். யாருக்கும் கோபமில்லை.

எனக்குச் சந்தேகம் வருவது வேறு இடத்தில். பாடலுக்குப் பாடல் அதே சாம்பிள் தொகுப்பு (முன்பே பதிவான ஒலித்துண்டுகள்), அதே இடத்தில் டிராப், அதாவது ஏற்றிக்கொண்டே போய்த் தாளம் முழுதாக இறங்கும் கட்டம். வகையை மாற்றாமலேயே ஆண்டுக்கணக்கில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களை என் நண்பர் இன்னும் ஆசையாகத்தான் கேட்கிறார்.